சித்திரை இடியும் பனிப்படிகமும்

இரண்டு மழைகள்

திருவட்டாற்றில் மழைக்குப் பஞ்சமில்லை. கோதையாறும் பரளியாறும் சுற்றிவளைத்து ஓடி மூவாற்றுமுகத்தில் சேரும் ஊர் அது. இடவப்பாதி என்று அந்தப் பக்கம் சொல்கிற தென்மேற்குப் பருவமழை வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் வரும். இவற்றில் சேராத இன்னொரு மழையும் உண்டு. சித்திரை, வைகாசியில் காலையெல்லாம் வெயில் கொளுத்தும். மதியம் மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் கருக்கும், சாயங்காலத்துக்குள் இடியோடு கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும்.

இந்த மழைகளின் குணம் ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்கு அத்துப்படி. விடியற்காலையில் வெட்டி, சிரட்டையில் பால் இறங்கும் நேரத்தில் மழை வந்தால் அன்றைய பால் போயிற்று. ஆடி மாதச் சாரல் நூலாக இறங்கும், விட்டுவிட்டு நாள் முழுக்கத் தூறும். பெரும்பாலும் இடியே கேட்காது. சித்திரை மழை நேர் எதிர். முதலில் ஒரு குளிர்ந்த காற்று அடிக்கும். அடுத்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய பெரிய துளிகள் தகரக் கூரையில் அறையும். பிறகுதான் மழை.

ஊர் ஒன்று, கடல் ஒன்று, மலையும் ஒன்று. மழை மட்டும் ஏன் இரண்டு விதம்? ஒன்றின் துளி ஏன் சிறிது, மற்றொன்றின் துளி ஏன் பெரிது? ஒன்றில் இடி, இன்னொன்றில் ஏன் இல்லை?

விடை கொஞ்சம் நம்ப முடியாதது. சித்திரை மழையின் பெரிய துளிகளில் மிகப் பல, தரைக்கு வருவதற்குக் கால் மணி நேரம் முன்புவரை பனியாக இருந்தவை. திருவட்டாற்றுக் கடைத்தெருவில் நீங்கள் வேர்த்து வழிந்துகொண்டு நிற்கும்போது, உங்கள் தலைக்கு நேர் மேலே ஏழு கிலோமீட்டர் உயரத்தில் பனி விழுந்துகொண்டிருக்கும்.

ஐந்து கிலோமீட்டருக்கு மேலே

மலை ஏறினால் குளிரும் என்பது பேச்சிப்பாறை தாண்டி மேல் கோதையாறு போய் வந்தவர்களுக்குத் தெரியும். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆறு டிகிரி வீதம் வெப்பம் குறையும். தரையில் 30 டிகிரி என்றால் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் பூஜ்ஜியம். தென்கோடியில் இந்தப் பூஜ்ஜியக் கோடு ஆண்டு முழுவதும் ஐந்து கிலோமீட்டரை ஒட்டியேதான் இருக்கும், பெரிதாக ஏறி இறங்காது.

நம் மலைகள் அந்த உயரத்துக்கு எட்டாதவை. மகேந்திரகிரி ஏறத்தாழ 1,650 மீட்டர், அகத்தியமலை 1,868 மீட்டர். அதனால்தான் அங்கே பனி பெய்வதில்லை. மேகத்துக்கு அந்தத் தடை கிடையாது. சித்திரை இடிமேகத்தின் அடிப்பகுதி ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் உச்சி 12, சில நாள் 15 கிலோமீட்டருக்குப் போகும். அதாவது மேகத்தின் பாதிக்கு மேல் பூஜ்ஜியத்துக்குக் கீழான குளிரில் இருக்கிறது. ஏழரை கிலோமீட்டரில் மைனஸ் 15 டிகிரி. பதினொரு கிலோமீட்டரில் மைனஸ் 40. திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறியவர்கள் இருக்கைத் திரையில் வெளி வெப்பநிலையைப் பார்த்திருக்கலாம்.

மைனஸ் 15-ல் மேகம் முழுவதும் பனியாகத்தானே இருக்க வேண்டும்? இங்கேதான் முதல் ஆச்சரியம். பெரும்பகுதி தண்ணீராகவே இருக்கிறது.

உறைய மறுக்கும் தண்ணீர்

பூஜ்ஜியம் டிகிரியில் தண்ணீர் உறையும் என்று பள்ளியில் படித்தோம். சரியாகச் சொன்னால், பூஜ்ஜியத்தில் பனிக்கட்டி உருகும். தண்ணீர் உறைவதற்கு அந்தக் குளிர் மட்டும் போதாது. ஓடியாடிக்கொண்டிருக்கும் நீர் மூலக்கூறுகளில் சில, பனிக்கட்டிக்கே உரிய ஆறுகோண அடுக்கில் முதலில் உட்கார வேண்டும். அந்த முதல் அடுக்கு அமைந்துவிட்டால் மற்றவை வந்து ஒட்டிக்கொள்ளும். வீட்டுக் குளிர்பெட்டியில் பாத்திரத்தின் சுவரிலும், தண்ணீரில் கிடக்கும் தூசியிலும் அதற்கான இடம் தாராளமாகக் கிடைக்கிறது. மேகத்துளியின் கதை வேறு. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அதற்குள் பொருத்தமான தூசி இல்லாவிட்டால் மைனஸ் 10, மைனஸ் 20 என்று குளிர்ந்துகொண்டே போகும், உறையாது. தூய நீரின் நுண்துளி தானாக உறைய மைனஸ் 38 டிகிரி அளவுக்குப் போக வேண்டும்.

பூஜ்ஜியத்துக்குக் கீழும் திரவமாகவே இருக்கும் இந்த நீரை மீகுளிர்நீர் என்று அழைப்போம். உறைதலைத் தொடங்கிவைக்கும் தூசிக்கு உறைகரு என்று பெயர் வைப்போம். சில களிமண் துகள்கள் நல்ல உறைகருக்கள். இலைகளில் வாழும் சூடோமோனாஸ் சிரிங்கே என்ற பாக்டீரியா இன்னும் கெட்டிக்காரி. களிமண் மைனஸ் 15 வரை காத்திருக்கும்போது, இது மைனஸ் 2, மைனஸ் 5-லேயே தண்ணீரை உறைய வைத்துவிடும். பனிச்சறுக்கு மைதானங்களில் செயற்கைப்பனி தயாரிக்க இதன் புரதத்தையே கலக்கிறார்கள்.

நல்ல உறைகருக்கள் காற்றில் அரிது. மேகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு நூற்றுக்குக் குறையாமல் துளிகள் உண்டு. ஒரு லிட்டர் என்று பார்த்தால் லட்சம் துளிகள். மைனஸ் 20 டிகிரியில்கூட அந்த ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஓர் உறைகருதான் கிடைக்கும். லட்சத்தில் ஒரு துளிக்குத்தான் பனியாகும் யோகம். நம் மழையின் மர்மம் முழுவதும் இந்த விகிதத்தில்தான் அடங்கியிருக்கிறது.

வோக்சென்கோலன் மலைப்பாதை

1922 பிப்ரவரியில் சுவீடனைச் சேர்ந்த டோர் பெர்ஜெரோன் என்ற இளம் வானிலையாளர், இன்று ஓஸ்லோ எனப்படும் நகரத்துக்கு மேலே வோக்சென்கோலன் என்ற குன்றில் ஓய்வுக்காகச் சில வாரங்கள் தங்கியிருந்தார். குன்று அடிக்கடி மேகத்துக்குள் போய்விடும். தரையைத் தொட்டுக் கிடக்கும் மேகம்தானே மூடுபனி? ஊசியிலை மரங்களுக்கு நடுவே போகும் ஒடுங்கிய பாதையில் அவர் தினமும் நடந்தார்.

நடந்தவர் ஒன்றைக் கவனித்தார். வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால் மூடுபனி மரங்களுக்கிடையே புகுந்து பாதை வரை நிரம்பியிருந்தது. மைனஸ் 5, மைனஸ் 10 என்று போன நாட்களில் மரங்களின் உச்சிவரை மூடுபனி இருந்தும் பாதை மட்டும் தெளிவாக இருந்தது. எல்லாரும் குளிர் கூடினால் மூடுபனி கூடும் என்றுதானே நினைப்பார்கள்? இங்கே தலைகீழாக நடந்தது.

அந்தக் குளிர்ந்த நாட்களில் மரக்கிளைகளில் உறைபனி படிந்திருந்தது. மூடுபனியின் துளிகளோ மீகுளிர்நீர். கிளைமேல் இருந்த பனி, சுற்றியுள்ள காற்றிலிருந்து நீராவியை உறிஞ்சிக்கொண்டது. காற்று வறண்டது. வறண்ட காற்றில் மூடுபனித் துளிகள் ஆவியாகிக் கரைந்தன. துளிகள் கிளையைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. தூரத்திலிருந்தே அவற்றின் நீர் பனிக்குப் போய்ச் சேர்ந்தது.

பெர்ஜெரோனுக்கு இதற்கான விளக்கம் புத்தகத்திலேயே கிடைத்தது. கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரட் வெகனர், 1911-ல் எழுதிய வளிமண்டல வெப்பவியல் நூலில், மீகுளிர்நீரும் பனியும் ஒரே காற்றில் சேர்ந்திருக்க முடியாது, பனி வளரும், நீர் தேயும் என்று எழுதியிருந்தார். கிரீன்லாந்துக் குளிரில் உறைபனியைப் பார்த்துப் பழகியவர் வெகனர். அவர் சொன்னதை மழையோடு இணைத்துப் பார்த்தது பெர்ஜெரோன். கிளைக்குப் பதில் மேகத்துக்குள் ஒரு பனிப்படிகம் மிதந்தால்? அதுவும் சுற்றியுள்ள துளிகளின் நீரை எடுத்துக்கொண்டு வளரும், கனத்து விழும். 1933-ல் லிஸ்பன் மாநாட்டில் இதை முன்வைத்தார். 1938-ல் ஜெர்மனியின் வால்டர் ஃபிண்டைசன் கணக்கும் சோதனையும் சேர்த்து உறுதிப்படுத்தினார்.

நீலகிரிக்காரர்கள் இதே வேலையின் ஒரு பகுதியை மார்கழியில் கண்ணால் பார்க்கிறார்கள். ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவிலும் காந்தலிலும் விடியலில் புல்மேல் வெள்ளையாகப் படிவது தண்ணீர் வழியாக வந்த பனி அன்று. காற்றின் நீராவி நேரே பனியாகிறது.

பனி ஏன் ஜெயிக்கிறது?

நீரின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் காற்றுக்குள் கழன்று போய்க்கொண்டே இருக்கின்றன. காற்றிலிருந்து மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொண்டும் இருக்கின்றன. போவதும் வருவதும் சமமானால் துளி வளராது, தேயாது. பனியிலும் இதே போக்குவரத்துதான். ஆனால் பனியில் மூலக்கூறுகள் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் கழன்று போவது குறைவு.

இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் வரவும் செலவும் சரிக்குச் சரி. மற்ற வீட்டில் செலவு குறைவு, மாதாமாதம் மிச்சம். துளி முதல் வீடு, படிகம் இரண்டாவது வீடு. காற்றிலுள்ள நீராவி இருவருக்கும் பொதுவான சம்பளம். படிகம் மிச்சம் பிடித்துக்கொண்டே போகப் போகக் காற்றில் நீராவி குறைகிறது, துளிக்கு இப்போது வரவைவிடச் செலவு அதிகம். துளி சுருங்குகிறது. சுருங்கும் துளியின் நீராவியையும் படிகமே வாங்கிக்கொள்கிறது.

மிச்சம் எவ்வளவு? மைனஸ் 5 டிகிரியில், நீர்த்துளிக்குச் சமநிலையான காற்று பனிக்கு 5 சதவீதம் அதிகப்படியான நீராவி கொண்டது. மைனஸ் 10-ல் 10 சதவீதம். மைனஸ் 15-ல் 16 சதவீதம். கேட்கச் சின்ன எண்கள்தான். ஆனால் சாதாரண மேகத்தில் நீர்த்துளிகளுக்குக் கிடைக்கும் அதிகப்படி ஒரு சதவீதத்தைத் தாண்டுவதே அபூர்வம்.

ஒரு படிகத்தின் முக்கால் மணி நேரம்

இனி ஒரே ஒரு படிகத்தைப் பின்தொடர்வோம். இடம், திருவட்டாற்றுக்கு மேலே ஏழரை கிலோமீட்டர். வெப்பநிலை மைனஸ் 15. சித்திரை மாதத்து மாலை.

மீகுளிர்நீர்த் துளி ஒன்று, 0.02 மில்லிமீட்டர் குறுக்களவு. இப்படியே இருந்தால் அது நொடிக்கு ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் வேகத்தில்தான் விழும். காற்று அசையாமல் நின்றால்கூடத் தரைக்கு வர ஒரு வாரம் ஆகும். வரவும் வராது. மேகத்தைவிட்டு வெளியே வந்த சில சென்டிமீட்டருக்குள்ளேயே ஆவியாகிவிடும். மேகங்கள் விழாமல் மிதப்பதற்கு இதுவே காரணம்.

இந்தத் துளிக்குள் ஒரு களிமண் துகள் அகப்பட்டுக்கொள்கிறது. துளி உறைகிறது. நம் படிகம் பிறந்தாயிற்று. முதலில் அது ஆறு பக்கம் கொண்ட மெல்லிய தகடு. மூலைகள் நீராவிக்குள் மற்ற இடங்களைவிடத் துருத்திக்கொண்டு நிற்பதால் நீராவி அங்கே அதிகம் சேர்கிறது. மூலை நீண்டு கையாகிறது, கையிலிருந்து கிளை முளைக்கிறது. படங்களில் பார்க்கும் நட்சத்திரப் பனிப்பூ இந்த மைனஸ் 15-ன் சரக்கு. மைனஸ் 5-ல் பிறந்திருந்தால் ஊசியாகவோ தூணாகவோ வளர்ந்திருக்கும். இதைப் படிப்படியாகக் கண்டறிந்தவர் ஜப்பானின் உகிசிரோ நகாயா. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில், 1936 மார்ச் 12 அன்று, முயல் முடி ஒன்றின் நுனியில் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். வெப்பநிலையையும் ஈரத்தையும் மாற்றினால் வடிவம் மாறும் என்று அட்டவணையே போட்டுவிட்டார். ஓரிரு டிகிரி மாற்றத்துக்குத் தகடு ஏன் தூணாகிறது என்பதில் இயற்பியலாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. என்னைக் கேட்டால், இருபதாம் நூற்றாண்டு அறிவியலின் மிக அழகான சோதனைகளில் ஒன்று அந்த முயல் முடி.

பத்து நிமிடம் கழிகிறது. படிகத்தின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டர். எடை, ஏறத்தாழ ஆயிரம் மேகத்துளிகளின் எடை. நொடிக்கு முப்பது சென்டிமீட்டர் வேகத்தில் விழுகிறது, அதாவது பிறந்தபோது இருந்ததைப் போல இருபத்தைந்து மடங்கு. நல்ல வளர்ச்சிதான். ஆனால் மழைக்குப் போதாது. இரண்டு மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்றுக்குப் பத்து லட்சம் மேகத்துளிகளின் நீர் வேண்டும். நம்மிடம் இருப்பது ஆயிரம். நீராவியை மட்டும் நம்பினால் மாலை முடிந்துவிடும்.

இங்கே ஆட்டம் மாறுகிறது. படிகம் இப்போது துளிகளைவிட வேகமாக விழுவதால், வழியில் நிற்கும் மீகுளிர்நீர்த் துளிகளில் மோதுகிறது. மோதிய துளி அந்தக் கணமே அதன்மேல் உறைந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்ட ஒட்டக் கனக்கிறது, கனக்கக் கனக்க வேகம் கூடுகிறது, வேகம் கூடினால் மோதலும் கூடும். கொஞ்ச நேரத்தில் நட்சத்திரத்தின் ஆறு கைகளும் அப்பிய பனிக்குள் புதைந்து மறைகின்றன. மூன்று மில்லிமீட்டர் அளவில் வெள்ளையான, உள்ளே காற்று நிறைந்த உருண்டை மிஞ்சுகிறது. இதைப் பனிமணி என்போம். ஆலங்கட்டி அளவுக்கு இது கடினமாக இருக்காது, விரலால் நசுக்கலாம். வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல். சரியாக இரண்டு மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்றுக்குத் தேவையான நீர் அதற்குள் இருக்கிறது.

மைனஸ் 3-க்கும் மைனஸ் 8-க்கும் இடைப்பட்ட பகுதியில் இன்னொரு வேடிக்கை நடக்கிறது. அப்பும் துளி உறையும்போது நுண்ணிய பனிச்சில்லுகள் தெறிக்கின்றன. ஒவ்வொரு சில்லும் புதிய படிகம். 1974-ல் ஜான் ஹாலட்டும் எஸ். சி. மோசப்பும் இதைக் கண்டறிந்தார்கள். லிட்டருக்கு ஒரு கருகூட இல்லாத மேகத்தில் நூற்றுக்கணக்கில் படிகங்கள் எப்படி வந்தன என்று குழம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு விடை கிடைத்தது.

ஏழு கிலோமீட்டரிலிருந்து ஐந்துக்கு இறங்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஐந்தில் பூஜ்ஜியக் கோடு. பனிமணி உருகத் தொடங்கி, சில நூறு மீட்டருக்குள் முழுத் துளியாகிவிடுகிறது. வடிவம் சுருங்கியதால் காற்றுத் தடை குறைந்து, வேகம் நொடிக்கு ஆறரை மீட்டராகிறது. அங்கிருந்து திருவட்டாற்றுக் கூரைக்குப் பதின்மூன்று நிமிடம். பத்தும் இருபதும் பதின்மூன்றும் சேர்ந்து முக்கால் மணி நேரம்.

இந்தக் கணக்கில் ஒன்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இடிமேகத்துக்குள் காற்று சும்மா இருப்பதில்லை. நொடிக்கு ஐந்து, பத்து மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி வீசும். நொடிக்கு முப்பது சென்டிமீட்டரில் விழும் படிகம் உண்மையில் மேலேதான் போகும். கனமான பனிமணியாகி, அல்லது அந்த எழுகாற்றின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, பிறகுதான் இறங்க முடியும். எனவே முக்கால் மணி என்பது தோராயம். மேகத்துக்கு மேகம் மாறும்.

உருகும் இடத்தைப் பார்க்க முடியுமா?

முடியும். திருவட்டாற்றிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில், இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று கிளம்பிய தும்பாவில், இன்று ஒரு டாப்ளர் வானிலை ரேடார் சுழன்றுகொண்டிருக்கிறது. இத்தகைய ரேடார்களின் திரையில், இடியின் உக்கிரம் அடங்கிச் சீராக மழை பெய்யும் நேரத்தில், ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே ஒரு பட்டை மட்டும் பளிச்சென்று தெரியும். உருகத் தொடங்கும் பனிமேல் தண்ணீர்ப் படலம் போர்த்திக்கொள்கிறது. ரேடார் அலைக்கு அது பெரிய தண்ணீர்த் துளியாகத் தோன்றி பலமாக எதிரொலிக்கிறது. முழுக்க உருகியதும் துளி சுருங்கி, வேகமெடுத்து, ஒன்றுக்கொன்று விலகிவிடுவதால் எதிரொலி மங்குகிறது. மேலே பனி, கீழே தண்ணீர், நடுவே கோடு. வெயிலூரின் வானத்தில் பனி விழுவதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

மழைக்கு முன் வரும் அந்தக் குளிர்காற்றுக்கும் இந்தப் பனிக்கும் தொடர்பு உண்டு. ஒரு கிராம் பனி உருக எண்பது கலோரி வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கும். மேகத்துக்கு அடியில் வறண்ட காற்றில் துளிகள் ஆவியாவது இன்னும் பெரிய அளவில் குளிர்விக்கும். இரண்டும் சேர்ந்து தள்ளிய காற்று தரையில் மோதி, மழையை முந்திக்கொண்டு நாலாபக்கமும் பரவுகிறது. முற்றத்தில் காயும் ரப்பர் ஷீட்டை எடுக்க ஓடச் சொல்லும் காற்று அதுதான்.

துளி சில்லென்று இருப்பதற்கு மட்டும் பனியை நேரடியாகக் காரணம் சொல்லக் கூடாது. மழைத்துளி விழும்போது சில நூறு மீட்டருக்குள் சுற்றுப்புறத்தின் குளிரையோ சூட்டையோ வாங்கிக்கொண்டுவிடும். ஐந்து கிலோமீட்டருக்கு மேலிருந்த குளிர் அதற்குள் மிஞ்சியிருக்க வழியில்லை. கீழே வரும் காற்றும் ஆவியாதலும்தான் அதைச் சில்லிட வைக்கின்றன. முதலில் பெரிய துளிகளே விழுவதற்கும் காரணம் எளிது. பெரியது வேகமாக விழும், முதலில் வந்து சேரும்.

ஆடிச் சாரலின் வழி

பெர்ஜெரோன் ஓரிடத்தில் மிகையாகப் போனார். பெருமழை ஏறத்தாழ எல்லாமே பனியில் தொடங்குகிறது என்றார். அவர் வளர்ந்த வடக்கு ஐரோப்பாவுக்கு அது பொருந்தும். வெப்பமண்டலத்துக்குப் பொருந்தாது.

ஆடி மாதத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி ஏறும்போது உருவாகும் மேகங்களில் பல, ஐந்து கிலோமீட்டரை எட்டுவதே இல்லை. உச்சி முதல் அடிவரை தண்ணீர்தான். கடற்காற்றில் உப்புத் துகள்கள் நிறைய உண்டு. பெரிய உப்புத் துகளைச் சுற்றிப் பெரிய துளி திரளும். பெரிய துளி வேகமாக விழுந்து, வழியில் சின்னத் துளிகளை மோதிச் சேர்த்துக்கொள்ளும். பனியின் உதவி தேவையே இல்லை. மேகம் மெல்லியது, வளர நேரம் குறைவு. ஆகவே துளியும் சிறிது. அதுவே சாரல். ஹவாய்த் தீவின் ஹிலோ நகரத்தில் மலைச்சரிவில் கொட்டும் மழையும் இந்த வகைதான். ஆனால் உலகத்தின் நிலப்பரப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டால் பெர்ஜெரோன் பக்கம்தான் தராசு சாய்கிறது. 2015-ல் வெளியான ஒரு செயற்கைக்கோள் ஆய்வின்படி, பனி கலவாத மேகத்தின் மழை பெரும்பாலும் வெப்பமண்டலக் கடல்களுக்கு உரியது. கண்டங்களின்மேல் அது அரிது.

கரு தூவும் ஆசை

உறைகரு அரிதென்றால் நாமே தூவினால் என்ன? இந்தக் கேள்வியை அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரத்தில் வின்சென்ட் ஷேஃபர் கேட்டார். வீட்டு உறைபெட்டி ஒன்றின் உட்புறம் கறுப்பு வெல்வெட் ஒட்டி, அதற்குள் மூச்சை ஊதி மீகுளிர் மூடுபனியை உண்டாக்கினார். 1946 ஜூலையில் ஒரு நாள் பெட்டி போதிய அளவு குளிரவில்லை என்று உலர்பனித் துண்டு (உறைந்த கரியமில வாயு) ஒன்றை உள்ளே வைத்தார். மூடுபனி முழுவதும் நொடியில் மின்னும் படிகங்களாகிவிட்டது. அந்த நவம்பர் 13 அன்று விமானத்தில் போய் மேகத்தில் உலர்பனி தூவினார். மேகத்திலிருந்து பனி இறங்கியது, ஆனால் தரை தொடாமல் காற்றில் மறைந்தது. அதே மாதம் அவருடைய சகா பெர்னார்ட் வானகட், அடுக்கமைப்பில் பனியை ஒத்த வெள்ளி அயோடைடைக் கண்டுபிடித்துத் தந்தார்.

வறட்சிக்காலமான 1980-களிலும் பிறகு 1993-94-லும் தமிழக அரசும் மேகத்தில் விதைத்துப் பார்த்தது. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2009-லிருந்து விமானங்களை அனுப்பி நம் மேகங்களையே அளக்கத் தொடங்கியது. விதைப்பு, இருக்கிற மேகத்திலிருந்து கொஞ்சம் கூடுதலாகப் பிழியலாம். வெறும் வானத்தில் மேகத்தை உண்டாக்காது. வறட்சி ஆண்டில் இல்லாமல் போவது மேகமே என்பதால் இதை வறட்சிக்கு மருந்தாக விற்பவர்களை நான் நம்புவதில்லை. மூடுபனிக்கும் இதே வரம்பு உண்டு. குளிர்நாட்டு விமான நிலையங்களில் மைனஸ் வெப்பநிலை மூடுபனியில் கரு தூவி ஓடுபாதையைத் தெளியவைக்கிறார்கள். டில்லியின் மார்கழி மூடுபனி பூஜ்ஜியத்துக்கு மேலானது. அங்கே பனிப்படிகம் வளர இடமில்லை, எனவே அந்த வித்தை பலிக்காது.

இடி சொல்லும் செய்தி

எந்த மழை பனியில் பிறந்தது, எது பிறக்கவில்லை என்று ரேடார் இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இடி கேட்டால் மேலே பனி இருக்கிறது.

பனிமணி கனம், படிகம் லேசு. எழுகாற்றில் படிகங்கள் மேலே போகும்போது, கீழே வரும் பனிமணிகளோடு உரசுகின்றன. சுற்றிலும் மீகுளிர்நீர் இருக்கும்போது இந்த உரசலில் மின்னேற்றம் கைமாறுகிறது. நல்ல குளிரான பகுதியில் பனிமணி எதிர்மின்னையும் படிகம் நேர்மின்னையும் எடுத்துக்கொள்ளும் என்று 1978-ல் சுதோமு தகஹாஷி ஆய்வகத்தில் அளந்து காட்டினார். படிகங்கள் நேர்மின்னோடு உச்சிக்குப் போகின்றன. எதிர்மின் பனிமணிகளோடு மேகத்தின் நடுவில், ஆறு முதல் எட்டு கிலோமீட்டர் உயரத்தில் தங்குகிறது. இரண்டும் விலக விலக மின்னழுத்தம் ஏறி, கடைசியில் பொறி பாய்கிறது. பனி எட்டாத ஆடி மேகம் சத்தமில்லாமல் தூறிவிட்டுப் போவதும் இதனால்தான்.

மழை குறைந்தவுடன் ஆபத்து முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கனத்த பனிமணிகள் உருகி விழுந்து தீர்ந்த பிறகும், லேசான படிகங்கள் நேர்மின்னைச் சுமந்துகொண்டு உச்சியில் பரந்து கிடக்கும். மின்னல் அங்கிருந்தும் இறங்கும். சித்திரை, வைகாசி மாலைகளில் தோட்டத்தில் நிற்கிறீர்கள், இடி கேட்கிறது என்றால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகு வெளியே வாருங்கள்.